கறுப்பு டேப்

லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருந்தவரை ஓடிய டிஸ்க், வெளியே எடுத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துச் செருகினால் மட்டும் ஏன் ஓடமாட்டேன் என்கிறது என்பது முனிராஜுக்குப் பிடிபடவில்லை. செருகியதும் பெட்டியின் நீல விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ முனகிக்கொண்டு எழுந்தது. முழுதாக எழுவதற்குள் "டிக்" என்று ஒரு சத்தம், விளக்கு மங்கியது. மறுபடி முனகல், மறுபடி டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றினான். ஊதினான். லுங்கி முனையால் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினான். டிக்.

அடுப்படியிலிருந்து கனகா கேட்டாள். "ஏனுங்க, அதென்ன கடியாரமாட்டச் சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஃபைல் ஏறிட்டிருக்குது."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். அவள் வரவில்லை. ராகிக் களி கிளறுகிற கட்டையின் சத்தம் மட்டும் வந்தது.

மைசூர் கும்பாரகொப்பலில் தொட்டையன் வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். முன்னறையில் பாதியைக் கனகாவின் எம்பிராய்டரி மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். வீட்டில் மற்ற எல்லா விளக்கையும் மாற்றிய பிறகும் அதை மட்டும் அவள் மாற்றவிடவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் நூலின் நிறம் பொய் சொல்லும் என்பாள்.

இந்த மெஷினைப் பார்க்காதவர்கள், அதுவாகவே பூப் போடுகிறது என்று நினைப்பார்கள். மெஷினுக்குப் பூவும் தெரியாது, கிளியும் தெரியாது. இங்கே ஒரு குத்து, கொஞ்சம் தள்ளி அங்கே ஒரு குத்து, இப்போது நூலை வெட்டு, இப்போது சிவப்புக்கு மாறு என்று சொன்னால் செய்யும். அந்தக் குத்துகளை எல்லாம் முடிவு செய்கிற வேலை லேப்டாப்பில் நடக்கிறது. தொழிலில் அதைப் பஞ்சிங் என்பார்கள். பஞ்சிங் முடிந்தால் இரண்டு விதமான ஃபைல் கிடைக்கும். ஒன்று மெஷினுக்குக் கொடுப்பது. அதில் வெறும் குத்துகள் மட்டும் இருக்கும். இன்னொன்றைக் கனகா தாய் ஃபைல் என்பாள். அதில் இறகு இறகாகவே இருக்கும், இதழ் இதழாகவே இருக்கும். தாய் ஃபைலைப் பெரிதாக்கினால் தையலும் சேர்ந்து பெருகும். மெஷின் ஃபைலைப் பெரிதாக்கினால் தையல்கள் விலகி நடுவே துணி பல்லிளிக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கை முதுகில் கண்டபேருண்டம் போட்டுத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரே உடம்பில் இரண்டு தலை உள்ள பறவை; மைசூர் அரண்மனைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பொழுது கிடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து இறகிறகாகப் பஞ்ச் பண்ணி, மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்டியிருந்தாள். அது அந்த வீட்டு ரூபா மேடத்துக்குப் பிடித்துப்போயிருந்தது. பெண்ணுக்கு ஒரு அளவு, நாத்தனாருக்கு ஒரு அளவு, தாயாருக்கு ஒரு அளவு என்று மூன்று முதுகு. தாய் ஃபைல் இல்லாமல் அளவை மாற்ற முடியாது. அந்தத் தாய் ஃபைலும், இத்தனை வருடங்களில் அவள் போட்ட மற்ற எல்லாப் பூவும் கொடியும், இப்போது முனிராஜின் மடியில் டிக் டிக் என்கிற அந்த டிஸ்க்கில் இருந்தன.

லேப்டாப், கனகாவின் தம்பி கவின்ராஜ் கொடுத்தது. விஜயநகரில் வீடு, கம்பெனியில் வேலை. புதிது வாங்கியபோது பழையதை அக்காவுக்குக் கொடுத்திருந்தான். அது நாளாக நாளாக நத்தையாகிவிட்டது. ஆன் பண்ணிவிட்டு அவள் துணி துவைத்துக் காயப்போட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பொங்கலுக்குத் தம்பி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பேச்சு அதில் வந்து நின்றது.

"டிஸ்க்க மாத்தினாப் போதும் மாமா. எங்க ஆபீஸ்ல விஜய்குமார்னு ஒருத்தன் இருக்கான், எல்லா சிஸ்டமும் அவன்தான் பாக்கறான். குடுங்க, மதியத்துக்குள்ள முடிச்சிருவான்," என்றான் கவின்ராஜ்.

"எதுக்கு மாப்ள இன்னொருத்தன்? நாலு ஸ்க்ரூ. நான் கட்டற பேனல்ல நானூறு ஸ்க்ரூ."

பந்தியில் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முனிராஜுக்கு இனித்தது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மோட்டார்களை ஓட்டுகிற பேனல் கட்டுவதுதான் அவன் வேலை. ஆளுயர இரும்பு அலமாரிக்குள் நூற்றுக்கணக்கான ஒயர். ஒவ்வொன்றின் முனையிலும் நம்பர் போட்ட சின்ன வளையம். நம்பர் இல்லாமல் மிச்சம் கிடக்கிற ஒயரைச் சும்மா விடக்கூடாது. அதன் முனையில் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, மடக்கி, ஓரமாகக் கட்டிவிட வேண்டும். "அனாதை ஒயருதாண்டா ஆளக் கொல்லும்," என்பார் ஃபோர்மேன் ஆறுமுகசாமி. முனிராஜ் டேப் சுற்றினால் மடிப்பு விழாது. புது ஆள் வந்தால் அவனுடைய பேனலைத் திறந்துதான் காட்டுவார்கள்.

டிஸ்க்கை மாற்றியதிலும் அவன் கையில் குற்றமில்லை. கரண்டை எடுத்தான், பேட்டரியைக் கழற்றினான், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டான். அடிமூடியைத் திறந்து, டிஸ்க்கைப் பிடித்திருந்த தகரச் சட்டத்தை அவிழ்த்து, மேலே தூக்காமல் பின்பக்கமாக இழுத்தான். சொருகு பற்கள் வளையாமல் வந்தது. அதே சட்டத்தைப் புதியதற்கு மாட்டி அதே வழியில் தள்ளினான். விண்டோஸும் பஞ்சிங் சாஃப்ட்வேரும் ஏற்றினான். ஆன் பண்ணினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. கனகா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பழசுல உள்ள ஒரு தட்டு இருக்குது," என்று அவளுக்கு விளக்கினான். "பாட்டுத் தட்டாட்ட. அதைச் சுத்தறதுக்கு ஒரு குட்டி மோட்டார். தட்டு மேல ஒரு ஊசி ஓடி ஓடித் தேடும். அதான் லேட்டு. புதுசுல சுத்தறதே கெடையாது. எல்லாம் சிப்பு."

"அத்தினியூண்டுக்குள்ள மோட்டாரா?"

"பின்ன? மோட்டாரில்லாம தட்டு எப்பிடிச் சுத்தும்?"

இந்த வார்த்தை பின்னால் அவனைச் சுட்டது.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "ஏனுங்க, ஃபைலெல்லாம் காப்பி எடுத்தாச்சுங்களா?"

"ஆச்சு," என்றிருந்தான்.

எடுக்கவில்லை. கழற்றின டிஸ்க் கையில்தானே இருக்கப்போகிறது, அதைவிடப் பெரிய காப்பி எது என்பது அவன் கணக்கு. அதற்காகவே ஒரு வெளிப்பெட்டியும் வாங்கியிருந்தான். பழைய டிஸ்க்கை அதற்குள் போட்டு, கேபிளை லேப்டாப்பில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும். கேபிளின் ஒரு பக்கம் பெட்டிக்குப் போகிற முனை. மறுபக்கம் இரண்டாகப் பிரிந்து இரண்டு முனை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. பெட்டி ஒன்று, லேப்டாப் ஒன்று. இதற்கு எதற்கு இரண்டு? நம்பர் இல்லாத ஒயர். மாற்றுக்கு வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, குட்டை முனையில் கறுப்பு டேப் சுற்றி மடக்கிக் கட்டினான். கனகாகூடப் பார்த்துவிட்டு, "பூக்கட்டினாட்ட இருக்குது," என்றாள்.

அதற்குப் பிறகுதான் டிக்.

முதல் நாளே டிஸ்க்கைத் திரும்ப லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கீழ் வீட்டுத் தொட்டையன் மனைவிவரை வந்து பார்த்து, எத்தனை வேகம் என்று மெச்சிவிட்டுப் போன லேப்டாப். அதைத் திரும்பப் பிரித்தால் ஏன் என்று கனகா கேட்பாள். காப்பிதான் எடுத்தாச்சே, பழையது எதற்கு என்று கேட்பாள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பான். அவள் அந்தப் பக்கம் வந்தால் பெட்டியில் போட்டுவிடுவான்.

இரண்டு நாள் போக்குக் காட்டினான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் மெஷினில் துணியை ஃபிரேமில் மாட்டி வைத்துக்கொண்டு, "அந்தக் கண்டபேருண்டத்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. நாத்தனார் அளவுக்கு மாத்தோணும்," என்றாள்.

அவன் நாக்கு அவனைக் கேட்காமல் பேசியது. "அதான் கனகா... பழைய டிஸ்க் கெட்டிருக்குது. எடுத்த காப்பியும் கெட்டதாத்தான் வந்திருக்குது. உன்ர தம்பி குடுக்கறப்பவே அது அப்பிடித்தான் இருந்திருக்கும். நமக்கென்ன தெரியும்?"

அவள் ஃபிரேமை மெதுவாகக் கீழே வைத்தாள். "எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அவள் அழவில்லை. ஃபோனை எடுத்தாள். தம்பி எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏண்டா கவினு, கெட்டுப்போனதத்தான் அக்கா தலைல கட்டினயா? குடுக்கறப்பவே சொல்லியிருந்தா நான் பென் டிரைவுல போட்டு வெச்சிருப்பேனல்லோ. ஆறு வருசம்டா."

 கவின்ராஜின் குரல் ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. "எனக்குத் தெரியாதுக்கா. நல்லாத்தான் இருந்துச்சு. சரி, என்ர மேலதான் தப்புன்னு வெச்சுக்கோ. நான் பாக்கறேன். மாமாகிட்டக் குடு."

முனிராஜ் ஃபோனை வாங்கினான். காது சூடாக இருந்தது.

"மாமா, டென்ஷன் பேடா, டென்ஷனே வேண்டாம். என்ன சத்தம் வருது, டிக் டிக்குனா? விஜய்குமாரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

சொன்னான். டிக் டிக் என்றால் ஊசி தட்டில் முட்டுகிறது என்று அர்த்தம். இனி கரண்டே கொடுக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் தட்டு கீறும் என்று விஜய்குமார் சொன்னானாம். பெங்களூரில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கவின்ராஜ் வந்து வாங்கிக்கொண்டு தானே நேரில் போகிறானாம். இப்போது லேப்டாப்பில் திரும்பப் போட்டுப் பார்க்கிற வழியும் அடைபட்டது. முனிராஜுக்கு ஒரு ஓரத்தில் அது ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அந்த வாரம் முழுக்கக் கனகா மாதிரி ரவிக்கையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறகாகப் பார்த்துப் பார்த்துத் திரையில் திரும்ப வரைந்தாள். கண்ணில் நீர் வடியும். துடைத்துக்கொள்வாள். ரூபா மேடம் கேட்டபோது நூல் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்காக அன்றைக்கு முழுக்கச் சோர்ந்திருந்தாள். முனிராஜ் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்களும் பாவம். காப்பியெல்லாம் எடுத்து, அத்தன பதனமா செஞ்சும் இப்பிடி ஆயிருச்சு."

அவன் டம்ளரை வைத்த கையை எடுக்க முடியாமல் நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பட்டறையில் அன்றைக்கு ஆறுமுகசாமி இரண்டு பையன்களைக் கூட்டிவந்து, "டேப்புன்னா இப்பிடிச் சுத்தோணும்," என்று அவன் பேனலைத் திறந்து காட்டியபோது, கக்கூஸுக்குப் போவதுபோல எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகாத நேரத்துக்கே கவின்ராஜ் வந்துவிட்டான். பை நிறைய அவரைக்காய். தை மாத அவரை; தோலில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒன்று ஒட்டி, வீடு முழுக்க அதன் வாசம் ஏறியது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தான் முன்பே வாங்கி முந்தின இரவு ஊறப்போட்டிருந்த கொட்டையைக் கனகா முறத்தில் கொட்டினாள். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கொட்டையையும் விரலால் அமுக்கித் தோலை உரிக்க வேண்டும். பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும். மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பெங்களூருக்காரன் பருப்ப அப்பிடியே உரிச்சு விக்கறான்கா. நீ இன்னும் அமுக்கிட்டிருக்கே," என்றான் கவின்ராஜ்.

"அது நேத்து உரிச்சது. அதுல என்ன ருசி இருக்கும்? பேசாம அமுக்கு. உன்ர பொண்டாட்டி உனக்கு இதெல்லாம் வெக்கறாளா?"

"அவ எங்க வெக்கறா. ஃபோன்ல படம் காட்டறா."

கனகா அந்த வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அன்னிக்கு நான் பேசினத மனசுல வெச்சுக்காத கவினு," என்றாள்.

"அட விடுக்கா. குடுத்தவன் நாந்தான். ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன். மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவேன்."

முனிராஜ் பருப்பை அமுக்கினான். அது கையிலிருந்து நழுவிச் சுவரில் போய் ஒட்டியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. டிஸ்க் துண்டில் சுற்றி, கேபிளோடு, கவின்ராஜின் பைக்குப் பக்கத்தில் இருந்தது.

கீழேயிருந்து தொட்டையன் குரல் கொடுத்தார். "முனிராஜு, மோட்ரு ஹாக்லா?" தினமும் போர் மோட்டாரைப் போடுவதற்கு முன், போடட்டுமா என்று கன்னடத்தில் கேட்பார். மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் ஊசி திக்கும் என்பதற்காக.

"ஹாக்ரி அண்ணா," என்றான் முனிராஜ்.

மோட்டார் உறுமியது. மெஷினுக்கு மேலே குண்டு பல்பு சோர்ந்து சிவந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து வெளிச்சமானது.

அவன் கை நின்றது.

தினமும் பார்க்கிற சோர்வுதான். ஏன் என்று அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? நின்றுகொண்டிருக்கிற மோட்டாரைக் கிளப்புவதுதான் கடினம். ஓடும்போது குடிக்கிற கரண்டைப்போலப் பல மடங்கைக் கிளம்பும்போது குடிக்கும். அத்தனையும் ஒரே நேரத்தில் கிடைக்காவிட்டால் முனகும், திணறும், நின்றுவிடும். அந்த முதல் மூச்சைச் சமாளிப்பதற்காகத்தான் அவன் பேனலே கட்டுகிறான். அதில்தான் சம்பளம் வாங்குகிறான். முனகல். டிக். மங்குகிற நீல விளக்கு. தட்டைச் சுற்றுவதற்கு ஒரு குட்டி மோட்டார் என்று அவனே அல்லவா சொன்னான். லேப்டாப்பின் வயிற்றுக்குள் அதற்கு வேண்டிய தீனி இருந்தது. வெளியே ஒற்றைத் துளையிலிருந்து அத்தனை வராது. அதற்காகத்தான் கேபிளில் இரண்டாவது முனை. அதைத்தான் அவன் பூக்கட்டின மாதிரி அழகாகக் கட்டி அடைத்திருந்தான்.

சந்தோஷம் வரவில்லை. கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போய், டேப்பை உரித்துவிட்டு, ஓட வைத்துக்கொண்டு வரலாம். மாமா கெட்டிக்காரர் என்பான் மைத்துனன். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்து ஒரு நொடி இனித்தது, பந்தியில் இனித்த மாதிரியே. கவின்ராஜின் விரல் நுனிகள் அவரைத் தோல் பட்டுப் பச்சையாக இருந்தன.

"மாப்ள, நீ பெங்களூருக்குப் போக வேண்டாம்," என்றான்.

"ஏன் மாமா?"

"காப்பி எடுக்கல."

கனகா நிமிர்ந்தாள்.

"நான் காப்பியே எடுக்கல கனகா. எடுத்தேன்னு சொன்னது பொய். காப்பியும் கெட்டுப்போச்சுன்னு சொன்னதும் பொய். மாப்ள குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. டிஸ்க்கும் இப்ப நல்லாத்தான் இருக்குதுன்னு நெனைக்கறேன். நாந்தான் அதுக்குக் கரண்ட அடச்சு வெச்சிருக்கேன்."

 கீழே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கனகா ஒரு கொட்டையை எடுத்து அமுக்கினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எந்தம்பிய நான் என்னெல்லாம் கேட்டேன்," என்றாள், முறத்தைப் பார்த்தபடி. "நீங்க பக்கத்துலதான் நின்னுட்டிருந்தீங்க."

"ஆமா."

"நின்னு கேட்டுட்டிருந்தீங்க."

"ஆமா."

"அக்கா, விடு," என்றான் கவின்ராஜ். அவன் முகமும் சுருங்கித்தான் இருந்தது. "மாமா, கரண்ட் குடுத்தா தட்டு கீறும்னு விஜய்குமார் சொன்னானே."

"ஊசி முட்டினா கீறும். இது முட்டற சத்தமில்லன்னு நெனைக்கறேன் மாப்ள. கெளம்ப முடியாம விழுகற சத்தம். ஆனா நான் நெனைக்கறது தப்பாக்கூட இருக்கலாம். தப்பா இருந்தா இன்னும் கெடும்." அவன் கனகாவைப் பார்த்தான். "உன்ர வேலை. நீ சொல்லு. வேண்டான்னா மாப்ள எடுத்துட்டுப் போகட்டும்."

கனகா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். துண்டைப் பிரித்தாள். டேப் சுற்றிய முனையை விரலால் தடவிப் பார்த்தாள். "போடுங்க," என்றாள்.

டேப்பின் நுனி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அவ்வளவு ஒட்டச் சுற்றியிருந்தான். நகத்தால் கீறி உரித்தான். பசை இரும்பில் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய வைத்தான். லேப்டாப்பின் மவுஸைப் பிடுங்கி இன்னொரு துளையைக் காலி செய்தான். முதலில் குட்டை முனை. பிறகு நீள முனை.

நீல விளக்கு எரிந்தது. முனகல் எழுந்தது. எழுந்து, இன்னும் எழுந்து, கொசுவின் ரீங்காரம்போல மெலிந்து, அப்படியே நிலைத்தது. டிக் வரவில்லை. திரையில் ஒரு புது எழுத்தோடு டிரைவ் வந்தது. உள்ளே கனகா பெயரில் ஃபோல்டர். அதற்குள் பூ, கொடி, மயில், மாங்காய். கனகா அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கண்டபேருண்டம் திறந்தது. அதைப் பெரிதாக்கினாள். இறகுக்குள் தையல்கள் தாமாகவே பெருகின.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு தலைப் பறவைய வெச்சுட்டு, ஒரு தலைக்குத்தான் சோறு போட்டிருக்கீங்க. இன்னொண்ணு வாயில டேப்பு."

கவின்ராஜ் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப காப்பி எடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். முடிஞ்சப்பறம் எனக்குத் தெறந்து காட்டுங்க."

முனிராஜ் காப்பி எடுக்க ஆரம்பித்தான். பச்சைக் கோடு நகர்ந்தது. அவள் உண்மையாகவே எழுந்து போகவில்லை. முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு அங்கேயே பருப்பை அமுக்கினாள். இனி எத்தனை நாளைக்கு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. 

கவின்ராஜின் ஃபோன் அடித்தது. விஜய்குமார். பஸ் ஏறியாச்சா என்று கேட்டான்.

"இல்லப்பா, டிஸ்க் ஓடிருச்சு."

"ஓடிருச்சா? எப்படி? என்ன கம்ப்ளெய்ன்ட்?"

கவின்ராஜ் வாயைத் திறந்தான். பிறகு மாமனைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை அவன் பக்கம் நீட்டினான். கனகாவின் விரல் நின்றது.

"டிஸ்க்குல ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்லீங்க," என்றான் முனிராஜ். "நான் செஞ்ச தப்பு. வெளிப்பெட்டி கேபிள்ல ரெண்டு முனை இருக்குது. ஒண்ணு தகவலும் கரண்டும் கொண்டுபோகும், இன்னொண்ணு கரண்ட் மட்டும். ஒண்ணுல டேப் சுத்தி வெச்சுட்டேன். ரெண்டையும் செருகினா ஓடுது."